நானூற்று இருபது கிராம்

தராசின் தொட்டில்துணியை எலி தின்றுவிட்டது.
தும்காவுக்கு எழுதிப் போட்டு நாலு மாதம்,
பதில் இல்லை என்றாள் நர்ஸ் எமரென்சியா டோப்போ.
"சல்கே, ஒரு கூடை போட்டுத் தா.
பிள்ளையைப் படுக்க வைக்க.
விளிம்பு குத்தக் கூடாது."

கூலி கேட்கவில்லை.
காய்ச்சல் மாத்திரை ஓர் அட்டை கேட்டேன்.

கொட்டும் மழை.
சத் பூஜைக்குள் பாட்னா வியாபாரிக்கு
நூற்றிருபது முறம் பாக்கி.
சூரியனுக்குப் பழம் ஏந்தும் முறம்;
விலை பேசும்போது மட்டும் வெறும் மூங்கில்.
அந்த அவசரத்தில் அமாவாசைக்குக் காத்திராமல்
லோபின் ஒரு பச்சை மூங்கிலை இழுத்து வந்தான்.
கத்தி இறங்கிய இடமெல்லாம் ஈரம்.

கணுவைச் சீவி, பிளந்து,
புறணி வேறு அகணி வேறாக உரித்தேன்.
பிள்ளையின் முதுகு படும் பக்கம் புறணி,
வழவழவென்று.
சிராய் இருக்கிறதா என்று
கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன்,
பிறகு கீழுதட்டில்.
உதடு பொய் சொல்லாது.

வெறும் கூடையைக் கொக்கியில் மாட்டினாள்.
சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன: 420.
"ஐயோ, ஃபோர் ட்வென்டி!"
வாய்விட்டுச் சிரித்தாள் எமரென்சியா.
தன் நகப்பூச்சாலேயே விளிம்பில் எழுதினாள்,
ஒவ்வொரு பிள்ளைக்கும் கழிக்க வேண்டியதை.

மழை போயிற்று. நெல் அறுத்தார்கள்.
சோஹராய்க்கு மாட்டுக் கொம்பில் எண்ணெய் பூசினார்கள்.

பான்சுரியின் மகளைப் படுக்கவைத்த அன்று
கழித்தது போக இரண்டாயிரத்து நானூற்று முப்பது.
இரண்டரைக் கிலோவுக்குக் கீழே சிவப்பு வட்டம்.

மூங்கிலின் புறணி ஒரு நூல் தடிமன்தான்.
ஊர்ப் புறணி பிளக்கப் பிளக்க வருகிறது:
பிள்ளைத்தாய்ச்சி செங்கல் சூளைக்குப் போனாள்,
அரைவயிறு தின்றாள்,
பாலா அது, பாதி தண்ணீர்.
பான்சுரி ஒன்றும் சொல்லவில்லை.
குழந்தையின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே
ஊர் நடுவே நடந்து போனாள்.

அடுத்த செவ்வாய் எனக்குக் காய்ச்சல்.
பெஞ்சில் கிடந்த கூடையை
நகர்த்தி வைக்கத் தூக்கினேன்.

கை நின்றுவிட்டது.

"இது நான் கொடுத்த கூடை இல்லை."
"பைத்தியம். இதோ பார், என் நகப்பூச்சு."
"மாட்டு. வெறுமனே மாட்டு."

350.

எமரென்சியா உட்கார்ந்துவிட்டாள்.
மூங்கில் குடித்திருந்த தண்ணீர்
ஜன்னல் வழியாகச் சத்தமில்லாமல் போயிருக்கிறது,
போகிற போக்கில் ஒவ்வொரு பிள்ளையிடமும்
கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு.

பதிவேட்டில் முப்பத்தொரு பெயர்.
மழையில் பிறந்ததற்கு எத்தனை கிராம் கூட்ட,
அறுவடையில் பிறந்ததற்கு எத்தனை?
என்னைக் கேட்கிறாள்.
எந்த நாளில் எவ்வளவு காய்ந்ததென்று
மூங்கில் எழுதியா வைத்திருக்கிறது?
போன வாரக் கணக்கு ஒன்றுதான் கைக்கு எட்டியது.
நானூற்று முப்பதும் எழுபதும்.
விரல்விட்டு இரண்டு தடவை எண்ணினேன்.
சரியாகக் கோட்டின் மேலேயே
படுத்திருந்திருக்கிறாள் குட்டி.

பிளேடால் நகப்பூச்சைச் சுரண்டிவிட்டு
350 என்று எழுதப் போனாள்.
கையைப் பிடித்தேன்.
"சாக்கட்டியால் எழுது.
மழை வந்தால் இது மறுபடி குடிக்கும்."

பான்சுரி வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
ஒரு சுள்ளியை ஒடிக்காமல்
வெகுநேரம் வளைத்துப் பிடித்திருந்தாள்.
"அப்போ என் பால்?"

"உன் பாலில் தண்ணீர் இல்லை.
என் மூங்கிலில் இருந்தது."

சுள்ளி ஒடிந்த சத்தம் கேட்டுக்
குழந்தை விழித்து அழுதது, நல்ல குரல்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான்
மாத்திரை வாங்காதது நினைவு வந்தது.